காய்ச்சல் வந்த தேதியும் நாட்யூலின் அளவும்

நெஞ்சு சிடி ரிப்போர்ட்டில் ‘6 மி.மீ. நாட்யூல்’ என்று ஒரு வரி இருந்துவிட்டால் வீட்டில் எல்லோர் கண்ணும் அந்த ஆறிலேயே நிற்கும். அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்க வேண்டும்: கடைசியாகக் காய்ச்சலும் இருமலும் வந்து எத்தனை நாள் ஆயிற்று? பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் அது இருக்காது. ஸ்கேனுக்குப் போனவர் சொல்லியிருக்க மாட்டார், சீட்டு எழுதியவரும் கேட்டிருக்க மாட்டார். ஊரெல்லாம் சளிக்காய்ச்சல் பரவிக் கிடக்கும் மாதங்களில் இந்தத் தேதி தெரியாமல் படிக்கப்படும் ஸ்கேன் பாதி ஸ்கேன்தான். தேவையில்லாமல் ஊசி குத்தித் திசு எடுக்கும் பயாப்சிக்கும் பயத்துக்கும் அது வழிவிடும். சில நேரம், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கவும் வைத்துவிடும்.

முதலில் சொல்லை விளக்கிவிடலாம். சிடி படத்தில் நுரையீரல் கருப்பாகத் தெரியும். அதற்குள் உருண்டையாக, வெள்ளையாகத் தெரியும் சின்னப் புள்ளிதான் நாட்யூல். 3 செ.மீ. வரை இந்தப் பெயர். அதைத் தாண்டினால் மாஸ் என்று எழுதுவார்கள். பழைய காசநோய்த் தழும்பு, நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் நெறிக்கட்டி, பூஞ்சை, ஆறிக்கொண்டிருக்கும் நிமோனியா, புற்றுநோய் எல்லாமே இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் 53,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2011-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சிடி மூலம் ஆண்டுதோறும் பரிசோதித்தால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. அதே ஆய்வில் சிடி எடுத்த தடவைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் ‘சந்தேகம்’ என்று முடிவு வந்தது. அப்படி வந்தவற்றில் 96 சதவீதம் புற்றுநோயே இல்லை. பெருந்தொற்று எதுவும் இல்லாத காலத்தின் கணக்கு இது.

தொற்று பரவும்போது என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். 1000 பேர் ஸ்கேன் எடுக்கிறார்கள், அவர்களில் 10 பேருக்கு உண்மையிலேயே புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மாதத்தில் 150 பேருக்குச் சந்தேக ரிப்போர்ட் வந்தால், 15 பேரில் ஒருவருக்கு நோய். காய்ச்சல் சீசனில் அதே 1000 பேரில் 250 பேருக்குச் சந்தேகம் வந்தால், 25 பேரில் ஒருவருக்குத்தான் நோய். புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இயந்திரமும் அதேதான், படிப்பவரும் அவரேதான். ரிப்போர்ட்டில் உள்ள அதே வாசகத்தின் எடை மட்டும் குறைந்துவிட்டது. இதைப் புரிந்துகொண்டால் பாதி பதற்றம் அடங்கும்.

இந்தப் பாதிப்பு எல்லா ஸ்கேனுக்கும் ஒரே அளவில் இருக்காது. முதன்முறை எடுப்பவரைவிட, ஆண்டுதோறும் எடுத்து வருபவருக்கே தொல்லை அதிகம். காரணம், நுரையீரல் ஸ்கேன் முடிவுகளைச் சந்தேகத்தின் அளவுப்படி எண் போட்டுத் தரப்படுத்தும் லங்-ராட்ஸ் என்ற முறையில் இருக்கிறது. முதல் ஸ்கேனில் 6 மி.மீ.க்குக் குறைவான திட நாட்யூல் (முழுக்க வெள்ளையாக, கெட்டியாகத் தெரிவது) இரண்டாம் வகை. அடுத்த ஆண்டு வந்தால் போதும். 6 முதல் 8 மி.மீ.க்குள் என்றால் மூன்றாம் வகை, ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். ஆனால் போன ஆண்டு இல்லாத நாட்யூல் இந்த ஆண்டு புதிதாகத் தெரிந்தால் வரம்பு இறங்கிவிடும். 4 மி.மீ. இருந்தாலே மூன்றாம் வகை, 6 மி.மீ. என்றால் 4ஏ, மூன்று மாதத்தில் ஸ்கேன், 8 மி.மீ. தாண்டினால் 4பி, பெட் ஸ்கேன், பயாப்சி என்று பேச்சு போகும். புதிதாக முளைத்தது சந்தேகத்துக்குரியது என்பதால் வைத்த நியாயமான விதி இது. ஆனால் தொற்று செய்வதே புதிதாக முளைக்க வைப்பதுதான். விதி எங்கே கண்டிப்பாக இருக்கிறதோ அங்கேதான் வைரஸும் கைவைக்கிறது.

அதனால்தான் 2022-ல் திருத்திய லங்-ராட்ஸில், தொற்று அல்லது அழற்சி போலத் தெரிந்தால் பூஜ்ய வகையில் வைத்து, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி குறைந்த கதிர்வீச்சு சிடி எடுக்கலாம் என்று இடம் கொடுத்தார்கள். நுரையீரலின் ஒரு மடல் (பெரிய பிரிவு) அல்லது அதன் ஒரு பகுதி முழுக்க வெளுத்திருப்பது, ஆறுக்கும் மேற்பட்ட நாட்யூல்கள் ஒரே நேரத்தில் புதிதாகத் தோன்றுவது, 8 மி.மீ.க்குக் குறையாத திட நாட்யூல் மிகக் குறுகிய இடைவெளியில் வந்து நிற்பது, நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்குப் புதிதாக வருவது ஆகியவை அதற்கான அடையாளங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்று இருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று பொருள் இல்லை. ‘இப்போது முடிவு சொல்ல முடியாது, திரும்ப வா’ என்று பொருள். பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதியாகி, மூன்று மாதம் கழித்துப் போகாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கூடவே பார்க்க வேண்டிய தோற்றங்களும் உண்டு. துளிர் விட்ட கிளைபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள் மூச்சுக்குழாயின் நுனியில் கொத்தாக இருந்தால் அது பெரும்பாலும் தொற்று. நம் ஊரில் காசநோயையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நுரையீரலைப் பிரிக்கும் மடிப்பை ஒட்டி முக்கோணமாக, வழவழவென்று இருப்பது பெரும்பாலும் நெறிக்கட்டி. ஓரம் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது, மேல் மடலில் தனியாக ஒன்றே ஒன்று இருப்பது, நுரையீரல் உறையான ஜவ்வை இழுத்துப் பிடித்திருப்பது ஆகியவை கவலைக்குரியவை. இருந்தாலும் ஒரு படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு படங்களுக்கு நடுவில் உள்ள காலம்தான் சாட்சி.

அந்தக் காலக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உருண்டையின் விட்டம் 26 சதவீதம் கூடினாலே அதன் கனஅளவு இரட்டிப்பாகிவிடும். 6 மி.மீ. நாட்யூலின் கனஅளவு ஏறக்குறைய 113 கன மி.மீ.; அதுவே 7.5 மி.மீ. ஆனால் 221. திடமான நுரையீரல் புற்றுநோய் இரட்டிப்பாகப் பொதுவாக 100 முதல் 400 நாள் பிடிக்கும். இப்போது 5 மி.மீ. இருந்தது மூன்று வாரத்தில் 10 மி.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கனஅளவு எட்டு மடங்கு, அதாவது மூன்று இரட்டிப்பு, ஒன்றுக்கு ஏழு நாள். புற்றுநோய் இந்த வேகத்தில் ஓடுவது மிக அரிது, தொற்று ஓடும். வீட்டில் ‘மூணு வாரத்துல டபுள் ஆயிடுச்சாம்’ என்று அழுவார்கள். அந்த வேகமே பல நேரம் நல்ல சேதி. அதோடு, கையால் அளக்கும்போது 1.5 மி.மீ. வரை கூடக்குறைய வரும். அந்த அளவைத் தாண்டினால்தான் வளர்ச்சி என்று கணக்கில் எடுப்பார்கள். 6 என்றிருந்தது 7 ஆனதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

கொரோனா இதில் வேறொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. திட நாட்யூலைவிட, ரிப்போர்ட்டில் ‘கிரவுண்ட் கிளாஸ்’ என்று எழுதும் மங்கல் திட்டைத்தான் அது அதிகம் உண்டாக்கியது. பாத்ரூம் ஜன்னலில் போடும் சொரசொரப்புக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல, பின்னால் உள்ள ரத்தக்குழாய் தெரியும். ஆனால் அந்த இடம் வெளுத்திருக்கும். நுரையீரலின் ஓரத்தில், இரு பக்கமும், கீழ் மடல்களில் வருவது கொரோனாவின் வழக்கம். ஆனால் தொடக்க நாட்களில் ஒரே ஒரு உருண்டைத் திட்டாகவும் வரும். மெதுவாக வளரும் அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோயின் ஆரம்ப நிலையும் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். சிகரெட்டே தொடாத பெண்களுக்கும் வரும் வகை அது. இரண்டையும் பிரித்துச் சொல்வது காலம் ஒன்றுதான். தொற்று கரையும், கட்டி நிற்கும். இங்கே ஒரு விதி தலைகீழாகிறது: திட நாட்யூல் இரண்டு ஆண்டு மாறாமல் இருந்தால் நிம்மதி, மங்கல் திட்டு மாறாமல் இருந்தால் அது நிம்மதி இல்லை. அது இரட்டிப்பாகவே இரண்டு ஆண்டு ஆகலாம். தற்செயலாகத் தெரிந்த, 6 மி.மீ.க்குக் குறையாத மங்கல் திட்டை ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் பார்த்து, அப்படியே இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து ஆண்டு வரை பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறைத்தான் நான் இன்னும் ஆபத்தானதாக நினைக்கிறேன். புற்றுநோயைத் தொற்று என்று நினைத்துக்கொள்வது. ‘அது கொரோனாத் தழும்பு’ என்ற ஒரு வாக்கியம் எத்தனை பழைய ஃபைல்களை மூடிவைக்கிறது! கொரோனாத் தழும்பு பெரும்பாலும் கோடாக, பட்டையாக, நுரையீரல் உறைக்கு இணையாக ஓடும். கடுமையாக வந்தவருக்கு மங்கல் பல மாதம் இருக்கவும் செய்யும். ஆனால் அது சிறுத்துக்கொண்டோ வெளிறிக்கொண்டோ போக வேண்டும். தனியாக உருண்டையாக நின்று, மூன்று மாதத்துக்குப் பிறகும் சிறுக்காமல் இருப்பதைத் தழும்பு என்று சொல்ல வேண்டுமானால் பழைய படம் வேண்டும். பழைய படம் இல்லாமல் சொன்னால் அது ஊகம்.

வடசென்னையில் இந்தச் சிக்கல் இன்னும் சில அடுக்கு கூடும். காசநோய் வந்து மருந்து முடித்தவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. மேல் மடலில் சுண்ணாம்பு படிந்த புள்ளியோடுதான் பலரும் நடமாடுகிறார்கள். முழுக்கச் சுண்ணாம்பாகவோ, நட்டநடுவில் மட்டும் சுண்ணாம்பாகவோ இருந்தால் அது ஆறிப்போன பழைய புண், பயமில்லை. 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினார்கள். எண்ணூர், மணலிப் பக்கம் சாம்பலிலும் புகையிலும் வேலை பார்த்தவர்கள் உண்டு. வெல்டிங் பட்டறைகளும் நிறைய. தூசியால் வரும் நாட்யூல்கள் இரு பக்க மேல் மடலிலும் சின்னச் சின்னதாகப் பரவியிருக்கும். இத்தனைக்கும் மேலே ஒரு காய்ச்சல் அலை வந்து புதுப் புள்ளிகளை வைக்கும்போது, என்ன வேலை பார்த்தீர்கள், எந்த வருடம் டிபி மருந்து சாப்பிட்டீர்கள் என்பது தெரியாத ரேடியாலஜிஸ்ட் கண்ணைக் கட்டிக்கொண்டு படிப்பது மாதிரிதான்.

நம் பக்கத்துக்கு ஒரு அனுகூலமும் இருக்கிறது. 2020 மே, ஜூனில் சென்னையிலேயே அதிகத் தொற்று இருந்த மண்டலங்களில் இராயபுரம் முன்னால் நின்றது. 2021-ல் இரண்டாவது அலையில் ‘சிடி ஸ்கோர் எவ்வளவு?’ என்று கேட்காத வீடு இல்லை. ஐந்து மடல்களுக்கும் தலா ஐந்து மதிப்பெண், மொத்தம் 25. அந்த ஸ்கோருக்காக எடுத்த ஸ்கேன்தான் இன்று பலருக்கு இருக்கும் ஒரே பழைய நெஞ்சுப் படம். பீரோவில் துணிக்கு அடியில் அந்த உறை கிடந்தால் தேடி எடுங்கள். அன்றைய ரிப்போர்ட்டில் நாட்யூல் பற்றி ஒரு வரிகூட இருக்காது; ஸ்கோர் போடுவதிலேயே அவசரம். ஆனால் படத்தில் அது இருக்கலாம். இன்று தெரியும் 6 மி.மீ. புள்ளி 2021-லும் அதே அளவில் இருந்திருந்தால், திட நாட்யூலைப் பொறுத்தவரை பெரும்பாலும் கேள்வி முடிந்தது. ஃபிலிம் மட்டும் போதாது, அதில் சரியாக அளக்க முடியாது. கைப்பேசியில் எடுத்த ஃபிலிம் ஃபோட்டோ எதற்கும் உதவாது. ஸ்கேனின் அசல் கணினிப் படங்களான டைகாம் கோப்புகள் உள்ள குறுந்தட்டு வேண்டும். தொலைந்திருந்தால் ஸ்கேன் சென்டரில் பெயர், தேதி சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே இந்த வாரமே கேட்பது நல்லது.

ஒப்பிடும்போது ஒரு பொறியும் இருக்கிறது. நெருக்கடிக் காலத்தில் பல ஸ்கேன்கள் 5 மி.மீ. தடிமன் துண்டுகளாகச் சேமிக்கப்பட்டன. இன்றைய ஸ்கேன் 1 மி.மீ. துண்டு. 4 மி.மீ. நாட்யூல் தடித்த துண்டில் கரைந்து தெரியாமல் போகும், மெல்லிய துண்டில் பளிச்சென்று தெரியும். அதைப் ‘புதிது’ என்று எழுதிவிட்டால் மேலே சொன்ன கண்டிப்பான விதி பாய்ந்துவிடும். ரிப்போர்ட்டில் ‘புதிது’ என்று இருந்தால், இரண்டு ஸ்கேனும் ஒரே தடிமனா என்று கேளுங்கள். இருமிக்கொண்டே படுத்தால் படம் அசைந்து ஒரு ரத்தக்குழாய் இரண்டாகத் தெரியும், அதுவும் புள்ளிதான். மூச்சை முழுதாக இழுக்காவிட்டால் முதுகுப் பக்கம் நுரையீரல் அமுங்கி மங்கலாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் குப்புறப் படுக்க வைத்து அந்த இடத்தை மட்டும் எடுத்தால் மறைந்துவிடும். தொந்தரவு இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கையாக எடுக்கும் ஸ்கிரீனிங் ஸ்கேனுக்கு ஊசி மருந்து தேவையில்லை. கதிர்வீச்சு ஏறக்குறைய 1.5 மில்லிசீவர்ட், வழக்கமான நெஞ்சு சிடியில் அதைப்போலப் பல மடங்கு. ஃபாலோ-அப் ஸ்கேனுக்குச் சீட்டில் ‘குறைந்த கதிர்வீச்சு, மெல்லிய துண்டு’ என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது ஆன்டிபயாட்டிக். நாட்யூலைப் பார்த்ததும் ‘பத்து நாள் மாத்திரை போட்டுப் பார்க்கலாம், கரைந்தால் தொற்று’ என்பது பழைய பழக்கம். காய்ச்சல், சளி, நெஞ்சுவலி எதுவும் இல்லாதவருக்கு இதனால் பயன் இல்லை. வைரஸால் வந்தது தானாகவே கரையும். மாத்திரை பேர் வாங்கிக்கொள்ளும். நம் ஊரில் இது வெறும் வீண்செலவோடு போகாது. லிவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் தணியும், சளிப் பரிசோதனையில் கிருமி தென்படாமல் போகும், நோய் உள்ளே நீடிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மாத்திரைக்கு முன்னால் சளியைக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் எடுத்த சளியாக இருந்தால் நல்லது. சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை அரசு மையங்களில் இலவசம். ஸ்டான்லி, ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனை இரண்டும் நமக்குப் பக்கம்தான்.

பெட் ஸ்கேன் முடிவைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம் அதில் ஒளிரும். புற்றுநோய் ஒளிரும், காசநோய்க் கட்டியும், ஆறாத நிமோனியாவும்கூட ஒளிரும். இதுபோன்ற தொற்றுகள் ஊன்றிய பகுதிகளில் பெட் ஸ்கேனின் நம்பகம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 8 மி.மீ.க்குக் கீழே இருந்தால் ஒளிராததை வைத்தும் விட்டுவிட முடியாது. காய்ச்சல் வந்து ஒரு மாதத்துக்குள் அவசரமில்லாத பெட் எடுப்பது குழப்பத்தைக் காசு கொடுத்து வாங்குவது. தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குள் நெறிக்கட்டியும் சில வாரம் வீங்கி ஒளிரும். எந்தக் கை, எந்தத் தேதி என்று சொல்லிவிடுங்கள்.

பயாப்சி தேவைப்பட்டால் தயங்கக் கூடாது, ஆனால் அதற்கு விலை உண்டு. சிடி பார்த்து ஊசி குத்தும்போது 100-ல் 15 பேருக்காவது நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும். அவர்களில் சிலருக்குக் குழாய் போட வேண்டிவரும். கரைந்துபோகக்கூடிய ஒன்றுக்காக இதைப் படக் கூடாது என்பதால்தான் காத்திருக்கும் மாதங்கள். குத்துவது என்று முடிவானால், எடுத்த திசுவை எல்லாம் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடாமல், ஒரு துண்டைத் தனியாக உப்புநீரில் வைத்து டிபி பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் வளராது. ‘புற்றுநோய் இல்லை, அழற்சி’ என்று ரிப்போர்ட் வந்து, எந்த அழற்சி என்று தெரியாமல் மறுபடி குத்தும் நிலை இப்படித்தான் வருகிறது.

எப்போது ஸ்கேன் எடுப்பது? அந்த 2011 ஆய்வில், முந்தைய 12 வாரத்துக்குள் நிமோனியாவோ, ஆன்டிபயாட்டிக் எடுத்த சளிக்காய்ச்சலோ வந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. ஸ்கிரீனிங்குக்கு அதையே வழிகாட்டியாகக் கொள்ளலாம்: காய்ச்சல் விட்டு 12 வாரம். 2020-ல் பெருந்தொற்று உச்சத்தில் இருந்தபோது, ஆண்டு ஸ்கிரீனிங்கைத் தள்ளிப்போடலாம் என்று வெளிநாட்டு நிபுணர் குழுக்களே ஒப்புக்கொண்டன. சென்னையில் ஃப்ளூ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு வருவதால், ஆண்டு ஸ்கேனை மார்ச், ஏப்ரலுக்கு வைத்துக்கொள்வது என் யோசனை. 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, ஒரு நாளைக்கு 20 சிகரெட் வீதம் 20 ஆண்டு, அல்லது 10 வீதம் 40 ஆண்டு பிடித்தவர், விட்டு 15 ஆண்டு ஆகாதவர்: ஆண்டு ஸ்கேன் யாருக்கு என்பதற்கு 2021-ல் அமெரிக்காவில் வகுத்த வரம்பு இது. நம் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பு, கருப்பைவாய் மட்டும்தான், நுரையீரல் இல்லை. மாஸ்டர் செக்கப்பில் எடுக்கும் எக்ஸ்ரே இதற்கு ஈடாகாது, 1 செ.மீ.க்குக் கீழே பெரும்பாலும் அதில் தெரியாது.

இந்தக் காத்திருப்பு எல்லாம் தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு மட்டும். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்முவது, விரல் நுனி தடிப்பது, கழுத்தில் நெறிக்கட்டி இருந்தால் 12 வாரமும் கிடையாது, மார்ச் மாதமும் கிடையாது. அது ஸ்கிரீனிங் இல்லை. நோயைத் தேடும் சோதனை. அன்றே போக வேண்டும். சர்க்கரை நோயோடு, கொரோனாவுக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு எடுத்தவருக்குக் குழிவிழுந்த நாட்யூல் தெரிந்தாலும் அவசரம்தான். அங்கே பூஞ்சையும் காசநோயும் நாள் கணக்கில் முன்னேறும்.

ஸ்கேனுக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசிக் காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கி எப்போது விட்டது, என்ன மாத்திரை எத்தனை நாள், டிபி வந்த வருடம், பார்த்த வேலை, பிடித்த சிகரெட் பீடிக் கணக்கு, போட்ட தடுப்பூசி, பழைய ஸ்கேன் எடுத்த இடம். கவுண்டரில் கொடுத்துவிட்டு வராமல், ஸ்கேன் அறையில் இருக்கும் டெக்னீஷியன் கையில் கொடுத்து, ‘இதை ரிப்போர்ட் எழுதுற டாக்டருக்கு அனுப்புங்க’ என்று சொல்லுங்கள். புது ஸ்கேன் உறை வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டின் நகலை அதற்குள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த ஸ்கேனைப் படிப்பவருக்கு அதுவும் வேண்டியிருக்கும்.